மின்சாரக் காருக்குப் பேர் கொடுத்தவர்கள்

உலகத்தில் சாமான் விற்கிறவர்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இருவருக்கும் நடுவில், கையில் கோடு போட்ட நோட்டும் காதில் செருகிய பென்சிலுமாக மூன்றாவது ஒருவர் நிற்பார். அவரை நீங்கள் கவனித்திருக்கிறீர்களோ என்னவோ. அவர் விற்கவும் மாட்டார், வாங்கவும் மாட்டார். எத்தனை பேருக்கு வாங்க ஆசை என்று எண்ணிக்கொண்டிருப்பார். அவர்தான் கிராக்கி அளக்கும் மனிதர்.

சினிமாக் கொட்டகைக்குப் போனால் டிக்கட் வாங்காமல் வரிசையை எண்ணுவார். கடைத்தெருவில் யாராவது புதிதாக ஒரு கண்ணாடி பீரோவைக் கொண்டுவந்து வைத்தால், எதிர்ச் சாரியில் நின்றுகொண்டு, போகிறவர்களில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள், எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் அந்தக் கண்ணாடியில் கிராப்பைச் சரிசெய்துகொண்டு நடையைக் கட்டினார்கள் என்று தனித்தனியாகக் குறித்து, கடைசியில் கிராப்பைச் சரிசெய்தவர்களையும் சேர்த்துக் கூட்டி, கடைக்காரரிடம் போய், "ஊரே கேட்கிறது!" என்பார். ஊர் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குத் தலை கலைந்திருந்தது, அவ்வளவுதான்.

அவருடைய நோட்டில் மூன்று கட்டம் இருக்கும். முதல் கட்டம் "உறுதி". இரண்டாவது "அநேகமாக உறுதி". மூன்றாவது "உறுதியாகக் கூடியது". வேண்டாம் என்கிறவரை எங்கே எழுதுவது என்று கேட்கிறீர்களா? பேசாமல் இருக்கிறவர் இரண்டாவது கட்டம். திட்டுகிறவர் மூன்றாவது கட்டம். இவ்வளவு கோபம் வருகிறதென்றால் மனசுக்குள் ஏதோ ஆசை இருக்கத்தானே வேண்டும்? "நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்" என்று அவர் சொன்னால், கேட்டது இரண்டு பேரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் அவரே.

இந்த இனத்தில் பழுத்தவர்களைப் பற்றிச் சொல்வதைவிட, முளைவிட்ட புதிதில் எப்படி இருப்பார்கள் என்று காட்டினால் எளிதாக விளங்கும். அதற்குச் சவரிநாதனைவிடத் தோதான ஆள் கிடையாது.

சவரிநாதன் விழுப்புரத்துப் பையன். வயது பத்தொன்பது. எஸ்.எஸ்.எல்.சி. தேறி ஒரு வருஷமாகச் சும்மா இருந்தான். சும்மா என்றால் சும்மா இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தரம் ஜங்ஷனுக்குப் போய், எந்த வண்டியில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று பார்த்துவிட்டு வருவான். அவனுடைய அம்மா லூர்துமேரி மல்லாட்டை மில்லில் வேர்க்கடலைப் பருப்புப் பொறுக்குகிறவள். அதே மில்லில் மூட்டை தைக்க ஆள் வேண்டும் என்று மேஸ்திரி சொல்லி வைத்திருந்தார். கோணி ஊசியை நினைத்தாலே சவரிநாதனுக்கு உள்ளங்கை வியர்க்கும். பத்து வருஷம் பேனா பிடித்த கை அல்லவா?

இது 1946ஆம் வருஷம். யுத்தம் முடிந்துவிட்டது என்று பத்திரிகை சொல்லிற்று. கடைக்காரர் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பெட்ரோலுக்குக் கூப்பன். பஸ்ஸெல்லாம் முதுகில் ஒரு கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிற்று. விக்கிரவாண்டி தாண்டி ஒரு மேடு வந்தால், டிக்கட் வாங்கிய அத்தனை பேரும் இறங்கித் தள்ளிவிட்டு, கரியும் வியர்வையுமாக மறுபடி ஏறி உட்கார வேண்டும். அந்த வருஷம் பார்த்து, சென்னையில் ஒரு மோட்டார் கம்பெனி, பெட்ரோலும் வேண்டாம் கரியும் வேண்டாம், பாட்டரியில் ஓடும் மின்சாரக் கார் சீமையிலிருந்து வரப் போகிறது என்று விளம்பரம் செய்தது. விழுப்புரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த விருத்தாசலம் அதற்குக் கிளை ஏஜெண்டு ஆனார். ஆனதும் சவரிநாதனைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, விழுப்புரத்த நான் பாத்துக்கறேன். திண்டிவனம் உனுக்கு. காரு வேணுங்கறவங்க பேர எழுதிக்கினு வரணும். இப்ப முன்பணம் ஒண்ணும் கெடையாது, பேரு மட்டும்தான். பங்குனி முடியறதுக்குள்ள முப்பது பேரு சேந்தா அங்க ஒரு ஆபீசு தொறக்கறாங்க. அதுல நீ குமாஸ்தா. மாசம் முப்பத்தஞ்சு ரூபா."

"சேரலன்னா அண்ணே?"

"சேரலன்னா மல்லாட்டை மில்லு."

சவரிநாதன் அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிச் சிவப்பு மையில் மூன்று கட்டம் போட்டான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. இந்த இனத்துக்கு அது பிறவியிலேயே வரும்.

முதல் மூன்று வாரம் அவன் திண்டிவனத்துப் பெரிய மனிதர்களைப் பார்த்தான். டாக்டர், "பார்க்கலாம்" என்றார். நம் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் உன்னை இனிமேல் பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். சவரிநாதன் "உறுதி" என்று எழுதினான். வக்கீல், "நடுரோட்டுல பாட்டரி தீந்துட்டா யாரு மேல கேசு போடறது?" என்று கேட்டார். "சட்ட நுணுக்கங்கள் வரை யோசித்துவிட்டார், அநேகமாக உறுதி" என்று எழுதினான். நூறு காணி வைத்திருந்த ஒரு மிராசுதாரர் காரின் படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்பா, வண்டி மாடு சாணி போடுது. இது என்னா போடும்?"

"ஒண்ணும் போடாதுங்க."

"அப்ப நெலத்துக்கு எருவுக்கு என்னா பண்றது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சவரிநாதன் எழுதினான்: "எருவைப் பற்றி விசாரித்தார். ஆர்வம் மிகுதி."

இப்படியாக நாலு பெயர் சேர்ந்தது. நாலில் ஒருவரும் வாங்கப் போவதில்லை. பங்குனி முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அவனுக்குக் கனவில் கோணி ஊசி வர ஆரம்பித்தது.

பெரிய மனிதர்கள் வீட்டுக்கு நடந்து கால் ஓய்ந்துபோய், அவன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு மேஜையை வாடகைக்கு எடுத்துப் போட்டு உட்கார்ந்தான். மேஜை மேல் நோட்டு, மசிக்கூடு, காரின் படம். இதில் என்ன தப்பு என்று உங்களுக்குத் தோன்றலாம். தப்பு மேஜையில்தான் இருந்தது. அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அரிசிக்குப் பேர் எழுதினார்கள், சர்க்கரைக்குப் பேர் எழுதினார்கள், நாலு முழ வேட்டிக்குப் பேர் எழுதினார்கள், மண்ணெண்ணெய்க்குப் பேர் எழுதினார்கள். மேஜை போட்டு, சட்டை போட்ட ஒருவன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எதற்கென்று கேட்டுக்கொண்டு நிற்கிறவன் ஏமாந்தான். முதலில் பேரைக் கொடு. எதற்கென்று அப்புறம் தெரிந்துகொள்ளலாம்.

பக்கத்தில் இட்லி விற்கும் கெங்கம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னா தம்பி எழுதிக்கினு இருக்கற?"

"பேர் எழுதறேம்மா. காருக்கு."

"சரி. என் பேர மொதல்ல எழுது. கெங்கம்மா."

"மின்சாரக் காரும்மா. இதோ படம். உங்களுக்கு வேணுமா?"

கெங்கம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். "குடுத்தா வேணாம்னு சொல்லுவாங்களா யாராச்சும்?"

அவன் எழுதினான். தலையைத் தூக்கினான். அவளுக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். ஆறாவது ஆளை எழுதி முடிக்கும்போது வரிசை பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"காரு கார்டுக்கு ஒண்ணா, ஆளுக்கு ஒண்ணா?"

"வீட்டுக்கு ஒண்ணு போதுங்க."

"எத்தினி பேரு உக்காரலாம்?"

"நாலு பேர்."

"எங்க வூட்ல ஏழு உருப்படி. ரெண்டா போட்டுக்க."

"நாத்தனாரு தனியா ஒல வைக்கறா, அவளுக்குத் தனியா எழுதுவியா மாட்டியா?"

"யோவ், முன்னாடி போறவரே, என்னா நீ பாட்டுக்குப் பூந்துக்கினு போற? நாங்க என்னா காலைலேர்ந்து வேடிக்கை பாக்கவா நிக்கறோம்?"

சவரிநாதனுக்கு விஷயம் தெரியாதா? தெரியும். இரண்டாம் நாளே தெரியும். ஆனால் அவன் ஒவ்வொருவரையும், "கார் வேணுமா?" என்று வாய்விட்டுக் கேட்டான். ஒவ்வொருவரும், "வேணும்" என்று வாய்விட்டுச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவனும் பொய் எழுதவில்லை. நடுவில் பொய் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை அவன் தனக்குள் கேட்டுக்கொண்டு, பதில் வருவதற்குள் அடுத்த பெயரை எழுதிவிடுவான்.

சாயந்திரம் கரி பஸ்ஸைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தவனை லூர்துமேரி வழிமறித்தாள்.

"கெடாரு ஊரு அத்தை வந்து உன்கிட்ட பேர் குடுத்துட்டுப் போனாளாமே?"

"ஆமாம்மா. இருநூத்திப் பதினெட்டாவது நம்பர்."

"அவ காலுக்குச் செருப்பே கெடையாதேடா. காரு எதுக்கு?"

"செருப்பு இல்லாதவங்களுக்குத்தாம்மா கார் அதிகமாத் தேவை."

சொல்லும்போது சும்மாதான் சொன்னான். சொன்ன பிறகு அது அவனுக்கே பிடித்துப் போயிற்று. வாராந்தர அறிக்கையில், "காலணி அணியாத வகுப்பாரிடையே மின்சாரக் காருக்கு அளவு கடந்த ஆவல் காணப்படுகிறது" என்று எழுதினான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேஸ்திரியிடம் இன்னும் பத்து நாள் தவணை கேட்டுக்கொண்டாள்.

ஒன்பது நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர் சேர்ந்தது. சவரிநாதன் அதை ஒரு படமாக வரைந்தான். முதல் மூன்று வாரம் கோடு தரையோடு ஊர்ந்தது. அப்புறம் கிளம்பியது பாருங்கள், காகிதம் போதாமல் இன்னொரு காகிதம் ஒட்ட வேண்டியதாயிற்று. விருத்தாசலம் அந்தப் படத்தைப் பார்த்தார். அவருக்கு விழுப்புரத்தில் இரண்டே பெயர்தான் சேர்ந்திருந்தது. அதில் ஒன்று அவருடைய மைத்துனர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஐந்நூறுக்குக் குறையாது" என்று ஒரு வரி சேர்த்துச் சென்னைக்கு அனுப்பினார். சென்னை மானேஜர் கோதண்டபாணியும் ஒன்றும் கேட்கவில்லை. "ஏறக்குறைய ஆயிரம்" என்று முதலாளிக்குச் சொன்னார். முதலாளி சீமைக்கு என்ன தந்தி கொடுத்தார் என்று நமக்குத் தெரியாது. தெரிந்தால் பயமாக இருக்கும்.

மானேஜரிடமிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை மாதிரிக் காருடன் திண்டிவனம் வருகிறார். கிளை ஆபீஸ் உத்தரவைக் கையோடு கொண்டுவருகிறார். பேர் கொடுத்தவர்கள் எல்லாரையும் திரட்டி வைக்க வேண்டும். சவரிநாதன் தமுக்கு அடிக்கச் சொன்னான். தமுக்கு அடித்தவர், "பேர் குடுத்தவங்க எல்லாரும் வெசாயக்கெழமை வேப்பமரத்தாண்ட வந்து சேரணும்" என்று நாலு தெருவிலும் கூவினார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கார் வந்தது. லாரியில் வந்தது. சென்னையிலிருந்து திண்டிவனம் வரை ஓடிவரும் அளவுக்குப் பாட்டரி தாங்காதாம். நாலு பேர் பலகை வைத்து இறக்கினார்கள். பச்சை நிறம், வட்டக் கண், சின்ன உடம்பு. மானேஜர் கோதண்டபாணி கோட்டும் தலைப்பாகையுமாக இறங்கி, கூட வந்த படம் பிடிக்கிறவரையும் இறக்கிவிட்டு, மரத்தடியைப் பார்த்தார்.

கூட்டம் வந்திருந்தது. நானூறு பேருக்கு மேல் இருக்கும். இடுப்பில் குழந்தையோடு, தலையில் முக்காட்டோடு, கெடாரிலிருந்து, இன்னும் எந்தெந்தப் பட்டியிலிருந்தோ. ஒவ்வொருவர் கையிலும் ஒரு டின். டின் இல்லாதவர் கையில் பாட்டில். பாட்டில் இல்லாதவர் கையில் துணிப்பை. ரேஷன் கார்டை எல்லாரும் மடியில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

"ஏம்பா சவரிநாதன், இவங்க கையில எல்லாம் என்ன டின்?"

"அது... இந்தப் பக்கத்து வழக்கம் சார்."

கோதண்டபாணி கெட்டிக்காரர். ஒரு நிமிஷம் டின்களைப் பார்த்தார். ஒரு நிமிஷம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சவரிநாதன் காதருகே குனிந்து, கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினார். "உத்தரவு இதுல இருக்கு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. இவங்க எல்லாம் காருக்குத்தானே வந்திருக்காங்க? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் வேற எதுவும் கேக்கப் போறதில்ல."

சவரிநாதன் வாயைத் திறந்தான். 'ஆமாம்' என்பது மூன்று எழுத்து. பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் அதைவிடப் பெரிய வார்த்தைகளை எல்லாம் சொல்லியிருக்கிறான்.

"தம்பி, ஜல்தியா ஆரம்பிப்பா!" கெங்கம்மாள் முன்னால் வந்து நின்றாள். அவள் கொண்டுவந்த டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாள். புதுக் கயிறு கட்டியிருந்தாள். "இட்லிப் பானைய எறக்கி வச்சுட்டு வந்திருக்கேன். நான் மொத நம்பரு. கார்டுக்கு எத்தினி பாட்டிலு ஊத்தறாங்க?"

"எது எத்தனை பாட்டில்?"

"கிருஷ்ணாயிலுதான். வெளக்குக்கு ஊத்தி நாலு நாளாச்சு. கெடைக்குமா, கெடைக்காதா? ஒரே பேச்சா சொல்லிடு, பொழுது போவுது."

அவன் அந்த டின்னைப் பார்த்தான். மானேஜரின் கோட்டுப் பையைப் பார்த்தான். மூன்று கட்டத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்தது.

"கெடைக்காதும்மா. எண்ணெய் இல்ல. கார் மட்டும்தான். வெலை ஏழாயிரம்."

கெங்கம்மாள் காரைத் திரும்பிப் பார்த்தாள். அன்றுதான் முதல் தடவை பார்த்தாள். "இதுக்கா எம்பேர எழுதின?"

"வேணுமான்னு கேட்டேனேம்மா."

"நீ கேட்டே. நான் பசிச்ச வாயி, வேணும்னேன். படிச்ச புள்ள, உனுக்குத் தெரிய வேணாம்?"

அதற்குள் கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "அய்யய்யோ, காரு லிஸ்டுல பேரு இருக்கறவங்களுக்கு அரிசிக் கார்டு கெடையாதாம்! பணக்காரங்கன்னு புடுங்கிடுவாங்களாம்!" யார் சொன்னது, யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த வருஷத்தில் அதை நம்பாதவர் யாரும் இல்லை. டின்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நானூறு பேரும் மேஜையை நோக்கி வந்தார்கள்.

"எம்பேர அடி! நான் கண்ணால பாக்கணும்!"

"எனுக்குக் காரும் வேணாம் ஒண்ணும் வேணாம், அடிச்சுடு சாமி!"

"அந்த நாத்தனாரு பேரையும் சேத்து அடி!"

"வரிசைல வாங்க! வரிசைல!" என்று கத்தினான் சவரிநாதன். வந்தார்கள். பேர் கொடுக்க நின்றதைவிட நீளமான, ஒழுங்கான வரிசை. கெடாரு அத்தை வந்தபோது, "என்னாடா பேஜாரு பண்ணிட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் பெயர் மேல் சிவப்புக் கோடு விழும் வரை விரலை வைத்துக்கொண்டு நின்றாள். வெயில் சாயும் வரை அவன் அடித்தான். பேனா முள் வளைந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கார் வேண்டாம் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. அவன் வாழ்நாளில் எடுத்த முதல் சரியான கணக்கு அதுதான்.

மானேஜர் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். உத்தரவும் கோட்டுப் பையோடு போயிற்று.

சவரிநாதன் சனிக்கிழமையே மில்லில் சேர்ந்தான். கோணி ஊசி அவன் பயந்த அளவுக்கு மோசமில்லை. இரண்டு தரம்தான் குத்திற்று. "ரத்தம் வந்தாத்தான் தொழிலு வரும்" என்று பக்கத்திலிருந்தவர் சிரித்தார். அவனும் சிரித்தான். நானூறு பேரைக் கார்காரர்களாக்கப் பார்த்தவன் இரண்டு சொட்டு ரத்தத்துக்கு வருத்தப்படலாமா என்று தன்னையே கேலி செய்துகொண்டான். ஆள் தெளிந்துவிட்டான் என்றுதான் லூர்துமேரி நினைத்தாள்.

பத்து நாள் கழித்து விருத்தாசலம் ஒரு பத்திரிகையோடு மில் வாசலுக்கு ஓடிவந்தார். உள்பக்கத்தில் பாதிக்கு ஒரு விளம்பரம். அதில் ஒரு படம். வேப்பமரம், அந்தக் கார், மேஜை, மேஜைக்கு முன்னால் முடிவே தெரியாமல் வளைந்து போகும் வரிசை. பேரை அடிக்க நின்ற அதே வரிசை. டின்கள் தெரியாதபடி கீழே வெட்டிவிட்டிருந்தார்கள். படத்தின் அடியில், "மின்சாரக் காருக்காகத் திண்டிவனத்து மக்கள் காத்திருக்கும் காட்சி. நீங்கள் பதிவு செய்துவிட்டீர்களா?" என்று இருந்தது.

"இதப் பாத்துட்டு வேற ஊருங்கள்ல பேரு குவியுதாம்பா!" என்றார் விருத்தாசலம்.

சவரிநாதன் படத்தைக் கையில் வாங்கினான். அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் இல்லை. அவர்கள் பேரை எல்லாம் அவன் கையாலேயே அடித்திருக்கிறான். ஆனாலும் அவனுடைய ஆள்காட்டி விரல், ஊசி குத்திய காயத்தோடு, படத்தின் இடது ஓரத்திலிருந்து மெல்ல நகர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... மரத்துக்குப் பின்னால் பாதித் தலை தெரிந்த ஒருவரையும் விடவில்லை. அறுபத்தொன்று வந்தது. அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

இந்த வியாதிக்கு மருந்து கிடையாது என்று காட்டத்தான் இவ்வளவும் சொன்னது. நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நீங்கள் அந்த ஜாதி இல்லை. ஆனால் போன வருஷம் உங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு, "கட்டாயம் வந்துவிடுகிறேன்" என்றவர்களை எல்லாம் எண்ணித்தானே ஐந்து படி அரிசி கூடுதலாக வடித்தீர்கள்? மறுநாள் அதைத் தின்றது யார்? தெருமுனையில் நீங்கள் அரசியல் பேசும்போது நின்று கேட்ட ஏழு பேரில், பஸ்ஸுக்காக நின்றவர்களை என்றைக்காவது கழித்திருக்கிறீர்களா? கடைசியாக ஒன்று. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அப்படி என்ன படிக்கிறீர்கள் என்று யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தீர்களே, எத்தனை பேர் தேறினார்கள்?